முடிச்சில்லாத கட்டு

7

மைக்செட்காரரின் ஏணி இடித்தபோது "டங்" என்று கேட்டிருக்க வேண்டும். "டொக்" என்று கேட்டது.

முப்பது வருஷமாக ஒலிபெருக்கியோடு குடித்தனம் நடத்துகிற மனிதருக்கு இரும்பின் குரலும் மரத்தின் குரலும் தெரியாதா? ஏணியைச் சாய்த்துவிட்டு, போர்த்தியிருந்த நீலத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"டாக்டரம்மா, உள்ள இருக்கறது உங்க அப்பா இல்ல."

டாக்டரம்மா என்றால் பல்டாக்டர். அவருடைய அப்பா அந்த ஊரில் நாற்பது வருஷம் மாலைப் பத்திரிகை நடத்தியவர். காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெட்ரோல் பங்குக்கும் டயர் கடைக்கும் நடுவே, அவருடைய அச்சகம் இருந்த இடத்தில், இரண்டு தூண்களை நட்டு, அவர் பெருமையைப் பொறித்த வார்ப்பிரும்புத் தகடு ஒன்றை முந்தின நாள்தான் மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பு விழா. இப்போது துணிக்குள் தகடு இல்லை. அதே அளவில் ஒரு மரப்பலகை இருந்தது.

பத்தே நிமிஷத்தில் துப்பறியும் படை வந்து சேர்ந்தது. படை என்றால் இரண்டு பேர், ஒரு ஸ்கூட்டர். முன்னால் ஓட்டி வந்தவர் அண்ணி. பின்னால் உட்கார்ந்து ஸ்கூட்டரின் பின்சக்கரத்துப் பாவத்தைக் கட்டிக்கொண்டு வந்தவன் பம்பரம்.

பம்பரத்தின் அண்ணன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாசம் கடல். அந்தப் பத்து மாசத்தை வீணாக்காமல் அண்ணி டெய்லர் கடை மாடியில் ஒரு துப்பறியும் நிலையம் திறந்தார். எந்த வேலையிலும் மூன்று மாசம் தாண்டாத கொழுந்தனை உதவியாளனாக வைத்துக்கொண்டார். சுற்றிச் சுற்றி வருவான், எங்கே சாய்வான் என்று அவனுக்கே தெரியாது, உருவமும் அதற்குத் தோதாக இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு வருஷத்தில் அவன் தனியாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: அண்ணி கைப்பையில் எந்த அறையில் பிஸ்கட் இருக்கும் என்பது.

"மேடம், மணி ஒண்ணே முக்கால்" என்றார் பல்டாக்டர். "நெடுஞ்சாலை ஆபீஸ்ல இந்த அனுமதிக்குப் பதினோரு வருஷம் அலைஞ்சேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள திறக்கலேன்னா அனுமதி காலாவதி. மறுபடி முதல் மனுவிலேர்ந்து ஆரம்பிக்கணும். எங்க அம்மாவுக்கு எண்பத்திரண்டு. இன்னொரு பதினோரு வருஷம் எங்க போவேன்?"

"எதிர்ல இருக்கறவங்க எல்லாரும் வாயைத் திறப்பாங்கன்னு நினைச்சுப் பழகிட்டீங்க டாக்டர்" என்றான் பம்பரம். "கவர்ன்மென்ட் ஆபீஸ் அப்படித் திறக்காது."

"தம்பி" என்றார் அண்ணி. அந்த ஒரு சொல்லில் அவருக்கு ஒன்பது விதம் உண்டு. இது வாயை மூடு என்கிற விதம்.

அண்ணி தூணை ஒரு சுற்றுச் சுற்றினார். மரப்பலகையை நான்கு மூலையிலும் நான்கு போல்ட் பிடித்திருந்தது. நான்கு நட்டும் ஒழுங்காகத் திருகப்பட்டிருந்தன.

"திருடன் நட்டையும் எடுத்துட்டுப் போயிருப்பான், இல்லேன்னா கீழ வீசியிருப்பான். இவன் திரும்ப மாட்டிட்டுப் போயிருக்கான். திரும்பி வர்ற எண்ணம் இருக்கறவன்தான் இப்படிச் செய்வான்."

அடுத்து கட்டைப் பார்த்தார். துணியோடு சேர்த்துப் பலகையைச் சுற்றி மெல்லிய நூல்கயிறு ஓடியது.

"இதைக் கட்டினது யாரு?"

"நான்தான் நேத்து சாயந்தரம் கட்டினேன்" என்றார் மைக்செட்காரர். "ஏழு முடிச்சு. காத்துல பறக்கக் கூடாதுன்னு."

"இதுல ஒரு முடிச்சு காட்டுங்க பார்ப்போம்."

மைக்செட்காரர் தேடினார். பம்பரம் தேடினான். கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்காக நான்கு சுற்று. இடதுபக்கக் கீழ்மூலையில் நுனி உள்ளே சொருகியிருந்தது, அவ்வளவுதான். முடிச்சு என்கிற பேச்சே இல்லை. ஆனால் பிடித்து ஆட்டினால் அசையவில்லை, உடும்பு மாதிரி இறுகியிருந்தது. அண்ணி சொருகிய நுனியை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். சர்ரென்று மொத்தமும் அவிழ்ந்து அவர் காலடியில் விழுந்தது.

"அடேங்கப்பா!" என்றான் பம்பரம். "பாம்பு செத்த மாதிரி விழுது."

அண்ணி கயிற்றை முகர்ந்தார். விரலில் கறுப்பாக ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தார். மை. அப்புறம் குனிந்து தரையைப் பார்த்தார். விழாவுக்காக விடியுமுன்பே தண்ணீர் தெளித்த மண்ணில் இணையாக இரண்டு கோடுகள் வந்து, திரும்பிப் போயிருந்தன. கூடவே இரண்டு ஜோடிச் செருப்புத் தடம். அண்ணி டெய்லர் கடையில் இரவல் வாங்கிய அளவு நாடாவை எடுத்துக் கோட்டின் ஆழத்தை அளந்தார்.

"வரும்போது லேசு. போகும்போது ஆழம். உங்க அம்மா எங்க டாக்டர்?"

"வீட்டுலதான் இருப்பாங்க, நான் விடியறதுக்கு முன்னாடியே விழா வேலையாக் கிளம்பிட்டேன். அவங்களால பத்தடி நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். மத்தியானம் தூங்குவாங்க. அவங்ககிட்ட எதுவும் சொல்லல மேடம். தகட்டுல என்ன எழுதியிருக்குன்னுகூடச் சொல்லல. சாயந்தரம் ஆச்சரியமா இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்."

"நல்லது" என்றார் அண்ணி. பம்பரத்துக்கு அந்த "நல்லது" பிடிக்கவில்லை. விடை தெரிந்துவிட்ட பின்தான் அண்ணி நல்லது என்பார்.

"அண்ணி, இதுல யோசிக்க என்ன இருக்கு? காலைக்காரர்தான்!" என்றான்.

அதே ஊரில் காலைப் பத்திரிகை நடத்துகிறவரைத்தான் அப்படிச் சொன்னான். காலையில் இவர் திட்டுவார், மாலையில் அவர் பதில் கொடுப்பார். ஊரே இரண்டு பத்திரிகையும் வாங்கியது. ஒன்றை மட்டும் வாங்கினால் பாதிச் சண்டைதானே கிடைக்கும்!

"சரி, அங்கேயே போவோம்" என்றார் அண்ணி. பம்பரத்துக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

காலைப் பத்திரிகை அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. கண்ணாடித் தடுப்புக்குள், காதில் சிவப்புப் பென்சிலோடு எண்பத்தோரு வயசுக் காலைக்காரர் உட்கார்ந்திருந்தார். பம்பரம் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினான். மேஜை முனகியது.

"தகடு எங்க?"

"எந்தத் தகடு?"

"நடிக்காதீங்க சார். முப்பது வருஷப் பகை!"

"முப்பத்திரண்டு" என்று திருத்தினார் காலைக்காரர், பெருமையாக. பின்னால் நின்ற பல்டாக்டரைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகி, உடனே தன்னைச் சுதாரித்துக்கொண்டது. "உங்க அப்பன் தலையங்கம் எழுதினா அரை மைலுக்குப் பால் திரிஞ்சு போகும். அவனுக்குத் தகடு ஒண்ணுதான் குறைச்சல். அதை நான் ஏன் எடுக்கணும்? தினமும் அந்த வழியாப் போய் முறைக்கலாம்னு இருந்தேன்."

அண்ணி கயிற்றை மேஜைமேல் வைத்து, அது கட்டியிருந்த விதத்தைச் சொன்னார். நான்கு சுற்று, இடது கீழ்மூலையில் சொருகல், முடிச்சு கிடையாது.

காலைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். "தம்பி, அந்தப் பிஸ்கட்டைக் கொடு."

பம்பரம் திடுக்கிட்டான். பிஸ்கட் பொட்டலம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"பத்திரிகை ஆபீஸ்ல எதுவும் மறையாது. கொடு."

எட்டு பிஸ்கட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி அடுக்கினார். கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி, அடிஸ்கேல் முனையால் நுனியை மூலையில் சொருகினார். அப்படியே ஒரு கையால் தூக்கிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

"ஈய எழுத்தைக் கோத்து ஒரு பக்கம் தயார் பண்ணினா, மெஷினுக்குத் தூக்கிட்டுப் போறவரைக்கும் இப்படித்தான் கட்டணும். முடிச்சு போட்டா அந்த இடம் மேடாயிடும், பக்கம் சரியா உட்காராது. மெஷின்ல வெச்சதும் ஒரே இழுப்புல அவிழவும் வரணும்." இழுத்தார். எட்டு பிஸ்கட்டும் சிதறின. "எங்க ஆளுங்க மூணு சுத்து. நாலு சுத்து அவன் ஆபீஸ்ல மட்டும்தான். அதுவும் இந்த இடது மூலைச் சொருகல், அவனோட ஃபோர்மேன் கை. இன்னும் உயிரோட, திமிரோட, சந்தை ரோட்டுல லெட்டர்ஹெட் அடிச்சுக்கிட்டு இருக்கான்."

"ஃபோர்மேன் மாமாவா?" பல்டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அவர் என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவர்!"

"திருடினவன் கிடைச்சாச்சு, எழுத்தும் கிடைச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே பம்பரம் சிதறிய பிஸ்கட்டைப் பொறுக்கி, ஒரு பக்கம் முழுவதையும் சாப்பிட்டு முடித்தான்.

"அந்தத் தகட்டுல என்னதான் எழுதியிருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார் காலைக்காரர்.

பல்டாக்டருக்கு மனப்பாடம். "இவ்விடத்தில் நாற்பது ஆண்டுகள் மாலைப் பத்திரிகை நடத்திய ஆசிரியர், பெருவெள்ளத்தன்று தன்னந்தனியாகப் பத்திரிகையை அச்சிட்டு, கரை உடையுமுன் ஊராரை மேட்டுக்கு அனுப்பி, ஆயிரம் உயிர்களைக் காத்தார்."

பென்சில் உருண்டு கீழே விழுந்தது. காலைக்காரர் அதை எடுக்கவில்லை.

"பிரமாதமான வாக்கியம்" என்றார் அவசரமாக. "ஒரு எழுத்து மாத்தக் கூடாது. அப்படியே திரும்ப மாட்டணும். வாங்க, என் கார்லயே போகலாம். நானும் வர்றேன்."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதிரிமேல இவ்வளவு கரிசனமா?"

"எழுத்துமேல கரிசனம்" என்றார் காலைக்காரர். காது மட்டும் சிவந்திருந்தது.

காரில் பின்சீட்டில் பல்டாக்டரும் காலைக்காரரும் ஆளுக்கொரு ஜன்னலை வெறித்தபடி உட்கார்ந்தார்கள். நடுவில் பம்பரம். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு மலைத்தொடர் மாதிரி அமைதி காத்தான்.

சந்தை ரோட்டு முக்கில் அண்ணி காரை நிறுத்தச் சொல்லி, போக்குவரத்துக் காவலரிடம் தலையை நீட்டினார்.

"காலையில சக்கர நாற்காலி எதுவும் இந்தப் பக்கம் போச்சா?"

"போச்சும்மா. ஆறரை மணி இருக்கும். ஒரு பெரியவரும் ஒரு பெரியம்மாவும் தள்ளிட்டு வந்தாங்க. பாவமா இருந்துச்சு, நாலு பக்கமும் வண்டிய நிறுத்தி வழி விட்டேன்."

"நாற்காலியில யாரு?"

"நோயாளி. தலையோட போர்வை போத்தியிருந்தாங்க. வணக்கம் சொன்னேன், பதிலே பேசல."

"எப்படி இருந்தாங்க?"

காவலர் யோசித்தார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். மனசில் இருந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னார்.

"ரொம்ப... தட்டையா இருந்தாங்க மேடம்."

கார் மறுபடி கிளம்பியபோது பல்டாக்டரின் முகத்தில் கணக்கு ஒன்று ஓடுவது தெரிந்தது. விடை வர வர அவர் வாய் திறந்துகொண்டே போனது. பம்பரம் கடைவாய்ப்பல் வரைக்கும் பார்த்தான். சுத்தமாக வைத்திருந்தார்.

"டாக்டர்" என்றார் அண்ணி முன்சீட்டிலிருந்து, "உள்ள போனதும் சத்தம் போடாதீங்க. வயசானவங்க."

ஃபோர்மேனின் அச்சகம் ஒற்றை அறை. கதவைத் தள்ளியதும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நடுவே மழமழவென்ற கல்மேஜை. அதன்மேல் தகடு மல்லாந்து கிடந்தது, எழுத்தெல்லாம் கறுப்பு மை பூசிக்கொண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் எழுபத்தெட்டு வயசு ஃபோர்மேன், கையில் பச்சைப் பென்சில். இந்தப் பக்கம் ஒரு மூதாட்டி. இரண்டு காலில் நின்றபடி மேஜையை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த வரி வரவே கூடாது! நான் சொன்னா சொன்னதுதான்!"

"வந்தே ஆகணும்!" என்றார் ஃபோர்மேன். "காலையில ஏழு மணியிலேர்ந்து இதையேதான் சொல்றேன்!"

"அம்மா!" என்றார் பல்டாக்டர். சத்தமாகத்தான் சொன்னார்.

மூதாட்டி திரும்பினார். ஒரு விநாடி யோசித்தார். மெல்ல நடந்துபோய் ஓரத்தில் கிடந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"கால் வலி உயிர் போகுது பாப்பா" என்றார்.

பம்பரத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முகத்தை மறைக்க, கொடியில் தொங்கிய காகிதம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தான். தகட்டின்மேல் காகிதத்தை அழுத்தி எடுத்த நகல். எழுத்தெல்லாம் இடம்வலம் மாறியிருந்தது.

"இது எந்த பாஷை?"

"ப்ரூஃப்" என்றார் ஃபோர்மேன். "நேரா எழுதியிருந்தா எங்களுக்குக் கண்ணுல தப்பு படாது. ஈய எழுத்தை இடம்வலமாப் படிச்சே பழகினவங்க, இப்படி இருந்தாத்தான் படிக்க வரும்." நகலின் நடுவில் ஒரே ஒரு சொல்லைச் சுற்றிப் பச்சை வட்டம். "தன்னந்தனியாக."

"அம்மா, என்ன இதெல்லாம்? ஏன் எடுத்தீங்க?"

"காலையில நடந்து பார்க்கலாம்னு போனேன்" என்றார் மூதாட்டி. "நாலு மாசமாவே நடக்கறேன். நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போனா பிடிமானமா இருக்கு. உங்கிட்ட சொன்னா வெளியில விடமாட்டியேன்னு சொல்லல. துணிய லேசாத் தூக்கிப் பார்த்தேன். தப்பு இருந்துச்சு. ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். எங்க ஆபீஸ் வழக்கம் உனக்கு மறந்துபோச்சா? தப்பைப் பார்த்தவங்க யாரா இருந்தாலும் மெஷின்லேர்ந்து பக்கத்தைத் தூக்கலாம். ஆசிரியரைக் கேட்க வேணாம். கூட்டிப் பெருக்கறவங்க ஒரு தடவை முதல் பக்கத்தையே தூக்கினாங்க. உங்க அப்பா எழுந்து நின்னு கும்பிட்டார்."

"தூக்கின இடத்துல பலகை வைக்கணும்" என்றார் ஃபோர்மேன். "பலகை இருந்தா, பக்கம் தொலையல, திருத்தத்துக்குப் போயிருக்குன்னு அர்த்தம். முறையா வெச்சுக் கட்டிட்டுத்தான் வந்தோம். பார்த்தா எல்லாருக்கும் புரியும்னு நினைச்சோம்."

"எல்லாருக்கும்னா யாருக்கு?" என்று கேட்டான் பம்பரம்.

ஃபோர்மேன் விரல் விட்டு எண்ணினார். ஒரு விரலில் நின்றார். அந்த விரல் பல்டாக்டரைக் காட்டியது.

பல்டாக்டர் மூலையில் கிடந்த காகித மூட்டையைப் பார்த்தார். மெஷின்மேல் பலகையைப் பார்த்தாலே, இன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும் என்று தெரிந்துகொண்டு, காகித மூட்டைமேல் படுத்துத் தூங்கிப்போகும் சின்னப் பெண்ணாகத் தான் இருந்ததை அவர் ஐம்பது வருஷமாக நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பலகை தன் அப்பாவின் கையெழுத்துக்குச் சமம். அதைப் போய் அவர் திருட்டு என்று நினைத்திருந்தார்.

"ஆனா என்ன தப்பு? அப்பா தன்னந்தனியாத்தானே..."

"எப்படி முடியும் பாப்பா? எங்க மெஷின் அன்னிக்கு இடுப்பளவு தண்ணியில நின்னுச்சு. கோத்த பக்கத்தைப் படகுல ஏத்தி, ஃபோர்மேன் தள்ள, நாங்க போனது..." மூதாட்டி கையை நீட்டினார். கை நேராகக் கதவருகே நின்றது.

அங்கே காலைக்காரர் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்தார். அண்ணி கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டார்.

"வார்த்தையைக் கேட்டதும் பென்சில் விழுந்துச்சே சார்" என்றார். "ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு நீங்க துடிச்சதும் அதனாலதான். எதிரியோட புகழைக் காப்பாத்த இல்ல. உங்க குட்டு உடையாம இருக்க."

காலைக்காரர் கல்மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் மெஷின்லதான் அடிச்சோம்" என்றார் கடைசியில். "அவனும் நானும் மாறி மாறிக் காகிதம் போட்டோம். முடிஞ்சதும் சத்தியம் பண்ணிக்கிட்டோம், யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு. சேர்ந்துட்டாங்கன்னு தெரிஞ்சா எவன் பத்திரிகை வாங்குவான்? அவனும் கடைசிவரைக்கும் சொல்லல. திட்டிக்கிட்டே செத்தான், நல்லவன்." மூக்கை உறிஞ்சினார். "அவன் போனதுலேர்ந்து சாயந்தரமானா ஒரு மாதிரி இருக்கு. பதில் வராது. அவனோட எனக்கு மிச்சம் இருக்கறது இந்தப் பகை ஒண்ணுதான். அதையும் பிடுங்காதீங்க."

பம்பரம் கையிலிருந்த கடைசி பிஸ்கட்டை அவரிடம் நீட்டினான். அவன் வாழ்க்கையில் இதற்கு முன் செய்யாத தியாகம்.

"மணி மூணு" என்றார் அண்ணி. "பகையை அப்புறம் பார்க்கலாம். தகட்டை என்ன பண்றது?"

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். தகட்டைத் துடைத்துப் போர்வை போர்த்தி மறுபடி நாற்காலியில் ஏற்றினார்கள். முக்கில் அதே காவலர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். நோயாளிக்குப் பின்னால் மூதாட்டி விறுவிறுவென்று நடந்து வருவதைப் பார்த்து, இந்தத் தடவை நோயாளிக்கு வணக்கம் சொல்லவில்லை. டயர் கடைக்காரர் கிரைண்டரைப் போட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் பொறி பறக்க ராவித் தள்ளினார். "தன்னந்தனியாக" இருந்த இடம் பளபளவென்று வெறுமையாக மின்னியது. ஃபோர்மேன் மட்டும் பின்தங்கினார். பெரிய மர எழுத்துகளைக் கோத்துத் திருத்தம் ஒன்றை அச்சடித்து, காரில் வரவழைத்த அதே மரப்பலகையில் ஒட்டி வார்னிஷ் பூசி எடுத்துவருவதாக ஏற்பாடு. மூதாட்டி ப்ரூஃப் பார்த்துப் பச்சைப் பென்சிலால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவரை விட்டு நகர்ந்தார்.

நாலே முக்காலுக்கு நெடுஞ்சாலை இன்ஜினியர் வந்தார். தகட்டை உற்றுப் பார்த்தார்.

"அங்கீகரிச்ச வாசகத்துல ஒரு சொல் குறையுதே?"

"சேர்க்கத்தானே அனுமதி வேணும்?" என்றார் அண்ணி. "கழிக்க வேணும்னு உங்க உத்தரவுல எங்கயும் இல்ல. ரெண்டு தடவை படிச்சேன்."

"கீழ ஒரு மரப்பலகை மாட்டறீங்களே, அது?"

"தற்காலிகம் சார்" என்றான் பம்பரம்.

இன்ஜினியர் முகம் மலர்ந்தது. "தற்காலிகமா? அப்ப பிரச்னையே இல்ல. எங்க ஆபீஸ் கட்டடமே தற்காலிகம்தான், எங்க தாத்தா காலத்துலேர்ந்து."

ஃபோர்மேன் பலகையை மாட்டி, இரண்டையும் சேர்த்து நீலத் துணியால் போர்த்தினார். நான்கு சுற்று. இடது கீழ்மூலையில் சொருகல். மைக்செட்காரர் அருகில் நின்று வாயைப் பிளந்து பார்த்து, தன் ஏழு முடிச்சை நினைத்து வெட்கப்பட்டார்.

ஐந்துக்கு ஒரு நிமிஷம். இன்ஜினியர் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினார். பல்டாக்டர் அவர் கையை, பல் பிடுங்குகிற லாகவத்தோடு, வலிக்காமல் விலக்கினார்.

"அம்மா, நீங்க."

மூதாட்டி நாற்காலியை விட்டு எழுந்தார். நடந்தார். பத்தடி தாண்டியும் நடந்தார். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு. சர்ரென்று நான்கு சுற்றும் அவிழ்ந்து, நீலத் துணி அவர் தோள்மேல் சரிந்தது. கூட்டம் கைதட்டியது. மைக்செட்காரர் ஒரு பொடிக்கல்லால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "டங்" என்றது. அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கீழே பலகையில், கட்டைவிரலளவு எழுத்தில்:

திருத்தம். தன்னந்தனியாக அல்ல. படகு தள்ளியவர் ஃபோர்மேன். அச்சு மெஷின் தந்தவர் காலைப் பத்திரிகை ஆசிரியர். ஈரக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்து உலர்த்தி, விடிவதற்குள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர் ஆசிரியரின் மனைவி.

மூதாட்டி கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார். காலையிலிருந்து தான் மேஜையைத் தட்டித் தட்டித் தடுத்த வரி.

"ஃபோர்மேன்! ப்ரூஃப் பார்த்தப்புறம் வரி சேர்த்தீங்களா? நம்ம ஆபீஸ்ல அது கொலைக்குச் சமம்! இந்தப் பக்கத்தை இப்பவே தூக்கறேன்!"

"தூக்குங்கம்மா" என்றார் ஃபோர்மேன் கைகட்டிக்கொண்டு. "தப்பு இருந்தாத் தூக்கலாம். இதுல என்ன தப்பு?"

பல்டாக்டர் பின்னாலிருந்து வந்து அம்மாவின் தோளில் சரிந்திருந்த நீலத் துணியைச் சரியாகப் போர்த்திவிட்டார். கையை எடுக்கவில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேட்கல பாப்பா. அப்பாவைப் பத்தித்தானே கேட்ப?"

அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் பென்சில் உயர்ந்தது.

"அபாண்டம்!" என்று கத்தினார் காலைக்காரர். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. "நான் யாருக்கும் உதவினதில்ல! நாளைக்குக் காலையில முதல் பக்கத்துல மறுப்பு வரும்!"

கூட்டம் மூதாட்டியைப் பார்த்தது. மூதாட்டி ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் தலையை ஆட்டினார். ஒற்றைத் தாள் அடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"போடுங்க, போடுங்க" என்றார் மூதாட்டி. "சாயந்தரம் பதில் வரும்."

காலைக்காரர் அப்படியே நின்றார். பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் முகத்தில் ஒரு பழைய கோபம், புத்தம் புதுசாக, ஏறி உட்கார்ந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தலையங்கம் எழுத ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"தம்பி" என்றார் அண்ணி, ஸ்கூட்டரை உதைத்தபடி. இது ஒன்பதில் எந்த விதம் என்று பம்பரத்துக்குத் தெரியவில்லை. "நாளையிலேர்ந்து நம்ம ஆபீஸுக்கு ரெண்டு பத்திரிகையும் போடச் சொல்லு."